தேதி சொல்லும் செய்திகள்

வாட்ஸ்அப்பில் வரும் ‘உலக அழிவு’ செய்திகளை நம்பும் பாட்டியைக் கேலி செய்வேன். 1962 பற்றி அவர் சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன்.

அவ்வாண்டு பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று பயந்து இந்தியாவில் யாகங்கள் நடத்தினார்கள். பீடோங் தோட்டத்து லயத்திலும் அதே பேச்சுதானாம். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலம் அது. நாளை வேலையும் வீடும் இருக்குமா என்று தெரியாதவர்களுக்கு உலக அழிவை நம்புவது கடினமா?

குறித்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கோத்தா கோலா மூடாவைத் தாக்கிய சுனாமிக்கோ யாரும் நாள் குறிக்கவில்லை. ஆனால், சுமத்ரா நிலநடுக்கம் நிகழ்ந்து சில மணி நேரம் கழித்தே அலை இங்கு வந்தது. எச்சரிக்கை கிடைத்திருந்தால் ஓடியிருக்கலாம்.

அறிவியல் தேதி சொல்லாது. தப்பிக்க நேரம் தரும். பாட்டியிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன், சிரிக்காமல்.