தண்ணீர்க் குவளைக்கு என்ன பட்ஜெட்?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நடந்ததைப் படித்தால் வயிறு கலங்குகிறது. தண்ணீர் கைக்கெட்டாத தூரத்தில். நோயாளிகள் நெடுநேரம் அழுக்குப் படுக்கையிலேயே. அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தவர்கள் மருத்துவம் படிக்காத வரவேற்பாளர்கள்!

ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க நிர்வாகம் 2006-07இல் 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை வெட்டியது. வணிகவியல் மாணவர்கள் இதைச் 'சிக்கனம்' என்பார்கள். ஆள் குறைந்தால் எரிச்சல் வரும், சரி. குவளையை நோயாளி பக்கம் நகர்த்த என்ன பட்ஜெட் வேண்டும்?

2013இல் ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகள் தந்தது. அதற்காகப் போராடியவர், அங்கே தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி. கிடைத்த பரிசு? தாயின் கல்லறையைச் சேதப்படுத்தினார்கள். அவர் ஊரைவிட்டே போனார்.