கேரேஜ் நிறைய ஸ்கூபா டேங்க்... ஆசை ஒருத்தருக்கு, ஆபத்து இன்னொருத்தருக்கா?

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் இருக்கிறதா, எடை சரியா என்று பார்க்கிறோம். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் 'டி-27' மாதிரி ஏதோ பெயின்ட்டில் எழுதியிருக்குமே, அதைப் பார்க்கிறோமா? 2027 அக்டோபர் - டிசம்பருக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் அடுத்த மூன்று மாதம், இப்படிப் போகும். நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்காமலே காலம் ஓடுகிறது, ஏன்னா அந்த சிலிண்டர் நம் வீட்டில் தங்குவதே இல்லை. காலியானதும் ஏஜென்சிக்குத் திரும்பிப் போய்விடும். தேதி பார்ப்பது அவர்கள் வேலை.

இப்போ அதே மாதிரி பன்னிரண்டு சிலிண்டர், அதுவும் சொந்தமாக, ஒருத்தர் வீட்டு கார் ஷெட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஸ்கூபா டைவிங்கை சீரியஸாக எடுத்துக்கொண்டவர்களின் கேரேஜ் கொஞ்ச வருடத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆகிவிடுகிறது. முதலில் ஒன்று, அப்புறம் ஜோடிக்கு ஒன்று, அப்புறம் யாரோ மலிவாக விற்றார்கள் என்று மூன்று. "இதுதான் கடைசி" என்று சொல்லிச் சொல்லியே அடுத்ததும் வந்து சேரும். நம் வீடுகளில் புடவைக்கும் எவர்சில்வர் பாத்திரத்துக்கும் சொல்லும் அதே வசனம்தான்.

இந்த சேகரிப்பு ஆசையை நான் கிண்டல் செய்ய வரவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு புகார். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு திருத்தம். "முதுகில் ஆக்சிஜன் சிலிண்டருடன் கடலில் குதித்தார்" என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். நானே ஒரு போட்டோ கேப்ஷனில் அப்படி எழுதியிருக்கிறேன். தப்பு. வழக்கமான ஸ்கூபா டேங்குக்குள் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். ஆக்சிஜன் 21 சதவிகிதம், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே இறங்கினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. தண்ணீருக்கு அடியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒருத்தருக்கு எதுக்கு இத்தனை?

நியாயமான காரணங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க அதிகம் புழங்கும் 'அலுமினியம் 80' டேங்கின் கொள்ளளவு 11 லிட்டர்தான். அதற்குள் 3,000 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். கார் டயரில் நாம் அடிப்பது 32 பி.எஸ்.ஐ என்றால் இது அதைப்போல கிட்டத்தட்ட நூறு மடங்கு! அப்படி அடைத்தும்கூட 18 மீட்டர் ஆழத்தில் ஒரு சராசரி ஆளுக்கு முக்கால் மணி நேரம் வந்தால் பெரிய விஷயம். சனிக்கிழமை இரண்டு டைவ், ஞாயிற்றுக்கிழமை இரண்டு டைவ், கூடவே கணவரோ மனைவியோ வந்தால்? எட்டு டேங்க். காற்று நிரப்பும் கடை பக்கத்திலேயே இருந்தால் பரவாயில்லை. ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய ஊரில் இருப்பவர் இரண்டு டேங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அடுத்தது உலோகம். அலுமினியம் 80 நிறைந்திருக்கும்போது தண்ணீரில் மூழ்கும், காற்று காலியாகக் காலியாக மேலே மிதக்கப் பார்க்கும். உள்ளே அடைத்த காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அது குறையும்போது டேங்க் டைவரை மேலே இழுக்கும். அதைச் சமாளிக்க முதலிலிருந்தே இடுப்பில் கூடுதலாக ஈயக்கட்டி கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். நல்ல ஸ்டீல் டேங்கில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் கொஞ்சம் அனுபவம் வந்ததும் ஸ்டீலுக்கு மாறுகிறார்கள். பழைய அலுமினியம்? கேரேஜ் மூலையில் அப்படியே நிற்கும்.

குகை டைவிங் பக்கம் போனால் எண்ணிக்கை இன்னும் எகிறும். வடக்கு ஃப்ளோரிடாவில் ஜின்னி ஸ்பிரிங்ஸ், பீகாக் ஸ்பிரிங்ஸ் போன்ற ஊற்றுகளுக்கு அடியில் நீண்ட நீர்க்குகைகள் இருக்கின்றன. உள்ளே ஏதாவது ஆனால் நேராக மேலே வர முடியாது, தலைக்கு மேல் பாறை. அதனால் மூன்றில் ஒரு பங்கு காற்று உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு அவசரத்துக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். முதுகில் இரட்டை டேங்க், பக்கவாட்டில் தொங்கவிட இன்னும் ஒன்றிரண்டு, மேலே ஏறும்போது நின்று சுவாசிக்க ஆக்சிஜன் அதிகமுள்ள கலவையுடன் சின்ன டேங்க் தனியாக. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். வழி நெடுக டேங்குகளைக் கொண்டுபோய் வைத்துத்தான் அந்த மீட்பே நடந்தது. அப்படி டேங்க் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தாய்லாந்து கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குணன் இறந்துபோனார்.

ஆக, இது வெறும் ஆசை இல்லை. ஒவ்வொரு டேங்கும் ஒரு காரணத்தோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. சிக்கல் என்னவென்றால், வெளியே போக அதற்குக் காரணமே கிடைப்பதில்லை. ரெகுலேட்டர் தேய்ந்துபோகும், உடை கிழியும். டேங்க் அப்படி இல்லை. 1960-களில் செய்த 'ஸ்டீல் 72' டேங்குகள் இன்றைக்கும் சோதனையில் பாஸாகி தண்ணீருக்குள் போய்வருகின்றன. தாத்தா டைவ் செய்த டேங்கில் பேரன் டைவ் செய்யலாம். எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

தேதிதான் முக்கியம்

டேங்கின் தோள்பட்டையைப் பாருங்கள். அமெரிக்க டேங்க் என்றால் 3ஏஏ அல்லது 3ஏஎல் என்று அடித்திருப்பார்கள். முதலாவது ஸ்டீல், இரண்டாவது அலுமினியம். பக்கத்தில் அழுத்த அளவு, வரிசை எண், சோதனை நடந்த மாதம், வருடம். அங்கே 5 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். டேங்கில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று குறைவாக, அதாவது 3,000 டேங்கை 5,000 பி.எஸ்.ஐ வரை ஏற்றுவார்கள். அந்த அழுத்தத்தில் உலோகம் லேசாக உப்பும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உப்பியதில் 10 சதவிகிதத்துக்கு மேல் அப்படியே நின்றுவிட்டால் டேங்கின் கதை முடிந்தது. இது போக, வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, விளக்கு விட்டு உள்ளே பார்ப்பது டைவிங் கடைகளின் வழக்கம். ஸ்டீலுக்குள் ஈரம் போயிருந்தால் துரு பிடிக்கும். துரு பிடிப்பது என்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இரும்பு தின்கிறது என்று அர்த்தம். ஈரமும் துருவுமாக வருடக்கணக்கில் கிடந்த டேங்கின் காற்றை நம்பி இறங்குவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டேங்குக்கு இந்தச் செலவு பெரிசில்லை. பன்னிரண்டு டேங்குக்கு? அங்கேதான் சேகரிப்பாளர் சறுக்குகிறார். அடிக்கடி எடுக்கும் நாலைந்துக்கு டெஸ்ட் செய்வார். மற்றது "தேவைப்படும்போது பார்த்துக்கலாம்". ஆஸ்திரேலியாவில் வருடாவருடம் டெஸ்ட் என்பதால் ஒவ்வொரு டேங்கையும் வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று வருடாவருடம் யோசித்தே ஆக வேண்டும். அமெரிக்க விதி 5 வருடம் மறக்க விடுகிறது. 5 வருடம் மறந்தால் 15 வருடமும் மறக்கலாம்.

6351 என்கிற நம்பர்

இப்போது என் புகார். பழைய அலுமினியம் டேங்குகளில் ஒரு வகை இருக்கிறது. 6351 என்ற கலப்பு உலோகத்தில் செய்தது. நீண்ட காலம் அழுத்தத்திலேயே இருந்தால் கழுத்துப் பகுதியில், வால்வு திருகும் இடத்துக்கு அருகில், மெல்ல மெல்ல விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. பிரபல தயாரிப்பாளரான லக்ஸ்ஃபர் 1988-ல் 6061 என்ற வேறு உலோகத்துக்கு மாறிவிட்டது. கேட்டலைனா நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே 6061தான். ஆனால் மாறுவதற்கு முன் செய்தவை லட்சக்கணக்கில் விற்றுப்போய், கேரேஜ்களில் நிற்கின்றன. அதில் மிகச் சில வெடித்தும் இருக்கின்றன. ஆட்கள் இறந்திருக்கிறார்கள், கை கால் இழந்திருக்கிறார்கள். இந்த விரிசல் ஹைட்ரோ டெஸ்ட்டில் சிக்காமல் போகலாம் என்பதால் 2007 முதல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இந்த வகைக்கு 'எடி கரன்ட்' என்ற கூடுதல் சோதனையைக் கட்டாயமாக்கியது. கழுத்துத் திருகுமரைக்குள் ஒரு கருவியை விட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் சோதனை அது.

பாஸானால் சட்டப்படி நிரப்பலாம். "அரசே ஓகே சொல்லுது, கடைக்காரர் ஏன் நிரப்ப மாட்டேங்கிறார்?" என்பது சேகரிப்பாளர்களின் வழக்கமான குமுறல். எனக்கு இதில் அவர்கள் மேல் அனுதாபம் வரவில்லை. ஏனென்றால் வெடித்த டேங்குகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு அடியில் வெடிக்கவில்லை. காற்று நிரப்பும்போது அல்லது நிரப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் வெடித்தவை. அந்த நேரத்தில் டேங்க் பக்கத்தில் நிற்பது யார்? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கடைப் பையன். டேங்கின் சொந்தக்காரர் அப்போது முன்பக்கம் புது மாஸ்க் விலை கேட்டுக்கொண்டிருப்பார். புதிதாக ஒன்று வாங்கினால் இருநூறு சொச்சம் டாலர். அதை மிச்சம் பிடிக்க இன்னொருத்தர் கையைப் பணயம் வைப்பது நியாயமே இல்லை. எந்த சோதனையில் பாஸானாலும் 6351 டேங்க் சுவாசிப்பதற்கான டேங்க் இல்லை, பழைய இரும்புக் கடைக்கான டேங்க் என்பதுதான் என் கட்சி.

அதே நேரம் கடைக்காரர்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். "20 வருடத்துக்கு மேல் பழசு, நிரப்ப மாட்டோம்" என்று சில கடைகளில் போர்டு வைத்திருக்கிறார்கள். வயசு ஒரு காரணமே இல்லை. என்ன உலோகம், கடைசி டெஸ்ட் எப்போது, உள்ளே எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. நன்றாகப் பராமரித்த 1968 ஸ்டீல் டேங்கைத் திருப்பி அனுப்புவது மூடநம்பிக்கை. தவிர, இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மறுத்தால் நடப்பது இன்னும் மோசம். சேகரிப்பாளர் எரிச்சலாகி சொந்தமாக ஒரு கம்ப்ரஸர் வாங்கி வீட்டிலேயே நிரப்ப ஆரம்பித்துவிடுவார். பலர் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அப்புறம் தோள்பட்டைத் தேதியைப் பார்த்து "இதை நிரப்ப முடியாது சார்" என்று சொல்ல இருந்த அந்த ஒரே ஆளும் போச்சு.

அவர் இல்லாத வீட்டில்...

இதைவிட என்னை யோசிக்க வைப்பது, சேகரித்தவர் இறந்த பிறகு என்ன ஆகும் என்பது. மனைவிக்கு டைவிங் தெரியாது, பிள்ளைகள் வேறு ஊரில். கேரேஜில் பன்னிரண்டு டேங்க். எதில் காற்று இருக்கிறது, எதில் இல்லை, எது 6351 என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மொத்தமாக ஒரு விலைக்கு விளம்பரம் போடுவார்கள். வாங்க வருவது பெரும்பாலும் அப்போதுதான் டைவிங் கற்றுக்கொண்ட, காசு குறைவாக உள்ள ஒரு இளைஞர். பளபளவென்று பெயின்ட் அடித்த டேங்க்கைத்தான் அவர் பார்ப்பார், தேதியை அல்ல.

தீப்பிடித்தால் அது இன்னொரு சிக்கல். அமெரிக்க டேங்குகளின் வால்வில், அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து காற்றை வெளியே விடும் மெல்லிய தகடு உண்டு. ஆனால் பாதி நிரம்பிய அலுமினிய டேங்க் சூடானால், தகடு கிழியும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்கு முன்னாலேயே உலோகம் இளகி டேங்கே வெடித்துவிடலாம். அதனால் எடுக்காத டேங்குகளில் ஈரம் புகாத அளவுக்கு, இருநூறு முன்னூறு பி.எஸ்.ஐ மட்டும் விட்டுவைப்பதுதான் உத்தமம். அட்டையில் ஒரு பட்டியல் எழுதி கேரேஜ் சுவரில் ஒட்ட அரை மணி நேரம் ஆகுமா? டேங்க் எண், உலோகம், கடைசி டெஸ்ட், காற்று இருக்கா இல்லையா. பல லட்ச ரூபாய்க்கு டைவிங் பொருள் வாங்குகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தை ஏன் செலவழிக்கக் கூடாது?

நம்மூரில் இந்தப் பிரச்னை அவ்வளவாக இல்லை. புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே கொடுக்கும் டேங்கைத்தான் மாட்டிக்கொள்கிறோம். நம் கேஸ் சிலிண்டர் மாதிரியேதான், தேதி பார்ப்பது அவர்கள் பொறுப்பு. இருந்தாலும் படகில் ஏறும் முன் தோள்பட்டையில் ஒரு பார்வை பார்க்கலாம், கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டெஸ்ட்டில் தோற்ற டேங்கையும் 6351 டேங்கையும் என்ன செய்வது? வீட்டில் ஸ்பேனரை வைத்து வால்வைத் திருகும் வேலையே வேண்டாம், உள்ளே காற்று மிச்சம் இருந்தால் வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். டைவிங் கடையில் கொடுத்தால் மெதுவாகக் காலி செய்து, வால்வைக் கழற்றி, இனி யாரும் நிரப்ப முடியாதபடி டிரில் போட்டு ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். அலுமினியத்துக்கு எடைக்கு எடை காசு உண்டு. மனசு வராதவர்கள் அடிப்பாகத்தை அறுத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு மணியாக்கிவிடுகிறார்கள். பல டைவிங் படகுகளில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது அப்படி ஒரு மணியை அடித்துத்தான்.