நேராக ரத்தத்தில் சேருமாம்!

பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்த அக்கா வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே மூன்று சத்து மாவு டப்பா. எல்லாம் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை. நான்காவதோடு வந்த பக்கத்து வீட்டம்மா சொன்னார்: “சோறெல்லாம் இப்ப செரிக்காதும்மா. இதைக் கரைச்சுக் குடு, நேரா ரத்தத்துல சேர்ந்துடும்.” டாக்டர் காலையிலேயே இட்லி கொடுக்கச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

நேராக ரத்தத்தில் சேருவது கையில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில்தான். வாய் வழியே போவதெல்லாம் இரைப்பை, சிறுகுடல் என்று வரிசையில் நின்றே ஆக வேண்டும். டப்பாவுக்கென்று அங்கே விஐபி வாசல் கிடையாது.

கரைத்துக் குடித்தால் சுலபமாகச் செரிக்குமா? பாலைப் பாருங்கள். டம்ளரில் தண்ணீராக இருப்பது வயிற்று அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகிவிடும். குடித்தது பால், உள்ளே கிடப்பது பன்னீர்! டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, எண்ணெய், பால் புரதம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது உடைத்த மாவுச்சத்து. சோறு ஆகாது என்றவர் ஊட்டச் சொல்வதும் மாவும் அதே பாலும்தான். விலை மட்டும் வேறு.

“இது ஏற்கெனவே செரிக்கவைத்த புரதம்” என்று இன்னொரு ரகம் வருகிறது. குடலே புண்ணாகும் கிரோன் நோயில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2018-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வில், புரதத்தை அமினோ அமிலமாகவே உடைத்த பொடியைக் குடித்தவர்களில் 64 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. அந்த அளவு உடைக்காத பொடிகளைக் குடித்தவர்களில்? 62. புண்பட்ட குடலுக்கே இவ்வளவுதான் வித்தியாசம். பாலைக் கட்டியாக்கிப் பிறகு கரைத்தும் முடிக்கிற நல்ல குடலுக்கு எதற்கு இந்தச் சலுகை? குழாய் வழியே உணவு ஏறுகிறவர்களுக்கும் குடல் நோயாளிகளுக்கும் டாக்டர் எழுதித் தருவது வேறு கதை. நீங்கள் வாங்குவது விளம்பரம் எழுதித் தந்தது.

பிள்ளை வளரப் பொடி, பரீட்சை எழுதப் பொடி, பாட்டிக்கு முட்டி வலிக்குப் பொடி. 2024 ஏப்ரலில் இணையக் கடைகளின் ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலிலிருந்து இத்தகைய பானங்களை எடுக்கச் சொன்னது மத்திய அரசு. நம் தலையிலிருந்து யார் எடுப்பது? “இட்லி, பருப்பு சாதம் போதும்” என்று சொல்லும் டாக்டரை, “ஒண்ணுமே எழுதித் தரலையே” என்று கைவிட்டு அடுத்த கிளினிக்குக்கு ஓடுகிறோம். அங்கே எழுதித் தருகிறார்கள். தராமல் என்ன செய்வார்கள்?