கடைசி வண்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலர்வதற்கு வெகு முன்பே மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சில வீடுகளின் வாசற்கதவு ஓசையின்றித் திறக்கிறது. தலைக்கவசம் அணிந்த வாலிபன் ஒருவன் (இக்காலத்தில் யுவதியுந்தான்) மோட்டார் சைக்கிளைத் தெரு முனை வரையில் தள்ளிக்கொண்டு போய், அங்கேதான் கிளப்புகிறான். பெரியவர்களின் தூக்கம் கெட்டுவிடக் கூடாதே என்ற கருணை பாதி. விழித்துக்கொண்டால் போகவிட மாட்டார்களே என்ற பயம் பாதி. திருவான்மியூரில் கோஷ்டி சேருகிறது. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்துக்கோ, மரக்காணத்துக்கோ, புதுச்சேரிக்கோ பிரயாணம்.

"இது என்ன வேண்டாத வேலை?" என்று கேட்கும் தகப்பனார்கள் பலர் உண்டு. கடலோரமாகக் கூட்டமாய்ப் போவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். சிறுபாணாற்றுப்படை என்னும் சங்க நூலின் பொருள் யாது? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட பாணனுக்கும் அவன் கூட்டத்தாருக்கும் வழி சொல்லி அனுப்புவதுதானே! அவ்வழியில் வரும் எயிற்பட்டினம் என்ற நெய்தல் நிலத்து ஊர் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 1934-ஆம் ஆண்டில் பாரதிதாசன் நண்பர்களோடு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணமே 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாயிற்று. உல்லாசமாகச் சென்ற நண்பர்களை மட்டுமன்றி, அந்தப் படகைப் பாடுபட்டு நகர்த்திய தொழிலாளரையும் கவிஞரின் கண் கண்டது.

அன்று நீர்வழி, இன்று தார்ச்சாலை. கடலோரக் கிராமங்களின் பழைய பாதைகளை இணைத்தும் அகலப்படுத்தியும் 1990-களில் இச்சாலையை உருவாக்கினார்கள். வண்டியும் அநேகமாக நம்மூர் வண்டிதான். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியும் நமது மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய ஸ்தாபனம், திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைச் செய்யலாயிற்று. இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி பிற்பாடு மறைந்து போயிற்று. புக்ககம் வந்த பெண் மட்டும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புது வீடுகள் கட்டிக்கொண்டு செழித்திருக்கிறாள்!

இந்தச் சாலையில் நின்று பார்க்கத் தெரிந்தவனுக்குச் சரித்திரப் பாடம் இலவசமாகக் கிடைக்கும். 1752-ல் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த கோவளம். பல்லவர் கல்லில் கனவு கண்ட மாமல்லபுரம். டச்சுக்காரர் கோட்டை கட்டி வியாபாரம் நடத்திய சதுரங்கப்பட்டினம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்து 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த ஆலம்பரைக் கோட்டை. அப்பால் மரக்காணத்தின் வெண்மையான உப்பளங்கள். வகுப்பில் நாற்பது நிமிஷம் தொண்டை வறளக் கத்தியும் ஏறாத விஷயங்கள், உப்புக் காற்றில் பத்து நிமிஷம் நின்றால் ஏறிவிடுகின்றன. ஆகையால் பிள்ளைகளைப் போகவேண்டாமென்று தடுப்பவர்களின் கட்சியில் நான் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. உபாத்தியாயர் அல்லவா? கணக்குப் போடாமல் விட மனம் வராது.

பத்து வண்டிகள் வரிசையாக, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. முன்னே ஒரு லாரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. முதல் நால்வர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எதிரே பஸ் வருவதால் ஐந்தாமவன் முப்பது விநாடி லாரியின் பின்னாலேயே தங்க நேர்கிறது. அந்த அரை நிமிஷத்தில் அவனுக்கும் முன்னோர்க்கும் உள்ள இடைவெளி 250 மீட்டர் கூடிவிடுகிறது. தலைவன் வேகத்தைக் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தால், ஐந்தாமவன் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரட்டினால்தான் அவர்களை எட்டலாம். பத்தாமவன் கதியோ இன்னும் மோசம். அதாவது, தலைவன் நிதானமாகவே போகிறான். கடைசியில் வருபவன் பறந்தாக வேண்டியிருக்கிறது! அந்தக் கடைசி மனிதன் யார்? பெரும்பாலும் போன மாதம் வண்டி வாங்கியவன். பின்தங்கினால் நண்பர்கள் சிரிப்பார்களே என்று அஞ்சுபவன்.

90 கிலோமீட்டர் வேகமென்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே 25 மீட்டர் ஓடிவிடும். அதற்கு மேல் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரமோ, வேகம் இரட்டித்தால் நாலு மடங்காகும். அவன் பறக்கும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான் ஒரு மீனவர் குப்பம் இருக்கும். கூடையைத் தலையில் சுமந்து ஒரு தாய் சாலையைக் கடப்பாள். கிரிக்கெட் பந்தைத் துரத்தி ஒரு சிறுவன் ஓடிவருவான். நமக்கு இது உல்லாசச் சாலை. அவர்களுக்கு இது வீட்டு வாசல். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்களே.

இதற்குப் பரிகாரம், அனுபவசாலிகளின் கோஷ்டிகள் கைக்கொள்ளும் எளிய முறைதான். புதியவனைத் தலைவனுக்கு அடுத்தாற்போல் இரண்டாவதாக வைக்க வேண்டும். தலைவன் அவன் வேகத்துக்குத் தன் வேகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். எல்லோரிலும் கைதேர்ந்தவன் கடைசியில் வரவேண்டும். இரண்டு வண்டிகளுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். லாரியைத் தாண்டியவர்கள் வேகத்தைத் தளர்த்தி, பின்னால் வருகிறவர் முகம் கண்ணாடியில் தெரிந்த பிறகே முன்போல் போகவேண்டும். வழி பிரியும் இடங்களில் கடைசி வண்டி வந்து சேரும் வரையில் நிற்கவேண்டும். தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவருக்கும் வேண்டும். இது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போகும் உபாத்தியாயர்களுக்கு இந்த ரகசியம் வெகுநாளாகத் தெரியும். முன்னால் நடப்பதற்கு எந்தப் பையனும் போதும். பொறுப்புள்ளவர் நடக்கவேண்டிய இடம் வரிசையின் கடைசி.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களே! அடுத்த ஞாயிறு வைகறையில் கதவு திறக்கும் ஓசை கேட்டால், தூங்குவது போல் பாசாங்கு செய்யாதீர்கள், கூச்சலும் போடாதீர்கள். வண்டி எத்தனை வேகம் போகும் என்றும் கேட்கவேண்டாம்; அதை அவன் பெருமையாகவே சொல்லுவான். "உங்கள் கோஷ்டியில் கடைசியாக வருபவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். சட்டென்று ஒரு பெயர் சொன்னானாகில், இட்டிலியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக் கொடுத்துச் சந்தோஷமாக அனுப்புங்கள். "யாராவது வருவார்கள்" என்றானாகில், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, மேலே சொன்ன கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.