காருக்கு இடம் வேணும், சரி. மரமும் நிக்கட்டுமே!



நம்ம ஆலயத்துக்குப் பின்னால, மடப்பள்ளிச் சுவரை ஒட்டி நிற்கிற லிமாவ் பூருட் மரத்தை எடுத்துட்டா இன்னும் ரெண்டு கார் நிறுத்தலாம்னு ஒரு பேச்சு ஓடுது. வெள்ளிக்கிழமை ராத்திரி கார் நிறுத்த எல்லாரும் படுற பாடு எனக்கும் தெரியும். வாசல்ல நின்னு வாகனங்களை ஒழுங்குபடுத்துற தொண்டர்கள்ல நானும் ஒருத்தன். இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிடறேன்: அந்த மரத்தை வெட்டக்கூடாது.

"காட்டு மரம்தானே, பிழிஞ்சா சாறுகூட சரியா வராது"ன்னு சிலர் சொல்றாங்க. சாறு குறைவுதான். ஆனா காட்டு மரம்ங்கிறதுதான் அதோட பெருமையே. தென்கிழக்கு ஆசியாவுக்கே சொந்தமான மரம் அது.

துர்க்கை அம்மனுக்கு ராகு காலத்துல விளக்கு ஏத்துறோமே, மாலையாக் கட்டிச் சாத்துறோமே, அந்தச் சின்ன எலுமிச்சை ஒரு கலப்புப் பழம். மரபணு ஆய்வுகள் இதை உறுதியாச் சொல்லுது. அதுக்குத் தகப்பன் சிட்ரன், அதாவது கோலாப்பூர் மகாலட்சுமி தாயார் கையில ஏந்தியிருக்கிற மாதுலுங்கம். தாய் மிக்ராந்தா, பிலிப்பைன்ஸ் தீவுகள்ல விளையுற காட்டு எலுமிச்சை. இந்த மிக்ராந்தாவும் லிமாவ் பூருட்டும் ரொம்ப நெருங்கின சொந்தம். முறை வெச்சுப் பார்த்தா, அம்மன் கழுத்துல கிடக்கிற எலுமிச்சைக்கு நம்ம பின்பக்கத்து மரம் பெரியம்மா!

மற்ற பழங்களும் இப்படித்தான். லிமாவ் பாலியும் மாண்டரினும் கலந்து வந்ததுதான் ஆரஞ்சு. கும்குவாட்டும் மாண்டரினும் கலந்தது லிமாவ் கஸ்தூரி. தம்புன்ல விளையுற லிமாவ் பாலியை பம்பளிமாஸ்னு சொல்றோமே, பேர்தான் டச்சுக்காரங்க கொடுத்தது, பழம் இந்தப் பக்கத்துப் பழம்.

இப்போ இலையெல்லாம் மஞ்சளாகி, காய் பழுக்காம பச்சையாவே நின்னுபோற ஒரு நோய் உலகம் முழுக்க எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிச்சிட்டு வருது. மரத்துக்கு வந்துட்டா குணப்படுத்த வழியில்லை. இந்த மாதிரி நேரத்துல புது ரகம் உண்டாக்கணும்னா காட்டு ரகங்கள்கிட்டதான் திரும்பிப் போகணும். அதுக்காகத்தான் மேகாலயாவுல காரோ மலையில, நோக்ரெக்ல, காட்டு ஆரஞ்சுக்குன்னே ஒரு காப்பகம் வெச்சிருக்காங்க. அங்கே ஒரு பழத்துக்காக மலையில இடம் ஒதுக்குறாங்க. நாம ரெண்டு கார் நிக்கிற இடத்தை விட்டுக் கொடுக்கக்கூடாதா?

முள் குத்துது, பிள்ளைங்க ஓடுற இடம்னு ஒரு அம்மா சொன்னாங்க. நியாயமான பேச்சு. கீழ்க்கிளைகளைக் கழிச்சுட்டு, சுத்தி ஒரு சின்ன வேலி போட்டாப் போதும். இலையில புழு இருக்குன்னு மருந்து அடிக்கச் சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் புழுதான் பிறகு சன்னதி வரைக்கும் பறந்து வர்ற வண்ணத்துப்பூச்சி. பெரிய மரத்தை அது ஒண்ணும் செஞ்சிடாது.

மரத்தால நமக்குப் பயனும் இருக்கு. இலையைக் கசக்கி நீர்மோர்ல போட்டா வாசனையே தனி. பழத்தைத் தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கிற பழக்கம் இந்த நாட்டுல எத்தனையோ வீடுகள்ல உண்டு. பூஜைக்கு மட்டும் மூட்டை மூட்டையா எலுமிச்சை வாங்குறோம், விளக்கு அணைஞ்சதும் தோலைக் குப்பையில கொட்டுறோம். காசு கேட்காம நிக்கிற மரத்தை மட்டும் பாரம்னு நினைக்கலாமா?

காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் நடந்து வரலாம். தைப்பூசத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம்! நடக்க முடியாத பெரியவங்களை வாசல்லயே இறக்கிவிட்டுட்டுப் போகலாம், நாங்க தொண்டர்கள் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர்றோம்.

நிர்வாகத்துல இருக்கிற ஐயாமார்கள் தப்பா எடுத்துக்க வேண்டாம். வர்ற கூட்டத்துல இதைப் பத்திப் பேசணும். மரம் நிக்கணும்னு நினைக்கிறவங்க அன்னைக்குத் தவறாம வாங்க. வீட்டுல இடம் இருக்கிறவங்க என்கிட்ட சொல்லுங்க, பதியம் போட்டு ஆளுக்கு ஒரு கன்று தர்றேன்.

ஓம் சக்தி.