சிபாரிசுக் கடிதம் யார் எழுத வேண்டும்?

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க மார்க் மட்டும் போதாது, சிபாரிசுக் கடிதங்களும் வேண்டும். அங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் 10 கடிதங்கள் வரை சேர்க்கலாம். யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் மாணவர்களுக்குத் தலைவலி. ஊரறிந்த பெரிய டாக்டரிடமா, லேபில் பக்கத்தில் நின்று பார்த்த வாத்தியாரிடமா?

சந்தேகமே வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்தவரிடம்தான். பையனை இரண்டே தடவை பார்த்த பெரிய மனிதரின் கடிதம், கணக்கில் பணமில்லாமல் எழுதிய செக் மாதிரி. கையெழுத்து ஜோராக இருக்கும்... பணம் வராது.

"நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், நீட் மார்க் இருந்தா சீட்டு" என்று தோன்றும். சிபாரிசு என்றாலே நமக்கு எம்.எல்.ஏ. லெட்டர்பேடுதான் ஞாபகம் வரும். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு இருந்தது, அதற்குத் தனியாக 75 மார்க். அதில் மார்க் போட்ட விதம் சரியில்லை என்று பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே 1970-இல் சொன்னது. பிறகு 1984-இல் நுழைவுத் தேர்வு, 2007-இல் ப்ளஸ் டூ மார்க், 2017 முதல் நீட். ஒரு பிள்ளையைப் பற்றி இன்னொரு மனிதர் சொல்லும் வார்த்தைக்கு இடமே இல்லாமல் போனது.

நிஜமாகவே போய்விட்டதா? கல்வராயன் மலையில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடிகள் (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்). அங்கிருந்து நீட் எழுதித் தேறுகிற பிள்ளைக்கு இன்னும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒன்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில்தான் படித்தார் என்று தலைமையாசிரியர் போடுவது. 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது தேவை. இதில் பிரச்சினை குறைவு, பிள்ளை அவர் கண்ணெதிரே வளர்ந்தது.

இரண்டாவது, பழங்குடியினருக்கான 1 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீசிலேயே கிடைத்துவிடும். பழங்குடிக்கு மட்டும் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., கையெழுத்துப் போட வேண்டும். அவர் இருப்பது மலைக்குக் கீழே. பிள்ளையை அவர் பார்த்தே இருக்கமாட்டார். பழங்குடிப் பட்டியலில் இன்றைக்கும் "தென்னார்க்காடு மாவட்டத்து மலையாளி" என்றுதான் இருக்கிறது. அந்த மாவட்டத்திலிருந்து 1993-இல் விழுப்புரம் பிரிந்து, விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தாளில்தான் அது எங்கெங்கோ போகிறது!

கண்டிப்பு ஏன் என்பதும் புரிகிறது. மகாராஷ்டிரத்தில் பழங்குடி என்று சான்று காட்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த விவகாரம்தான் மாதுரி பாட்டீல் வழக்கு. 1994-இல் அதில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சான்றுகளைச் சரிபார்க்கக் குழு வேண்டும் என்றது. போலி ஒருவர் நுழைந்தால் போவது நிஜப் பழங்குடிப் பிள்ளையின் சீட்டுதான். ஆக விசாரிக்கட்டும். ஆனால் யாரிடம் விசாரிப்பது?

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அத்தனை பேர் செத்த பிறகு, கல்வராயன் என்றாலே சாராயம் என்று பேசுகிறவர்கள் இன்னும் அதிகமாகிவிட்டார்கள். மலையேறிப் பார்க்காதவர்கள் மலைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் அது. மலைமக்களின் நிலையை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்ததும் அதே ஆண்டில்தான்.

உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளை அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, அங்கேயே படிக்கிறது. அப்பா யார், பாட்டி எந்த ஊர், அண்ணனுக்குச் சான்றிதழ் கிடைத்ததா... எல்லாம் வாத்தியாருக்கு அத்துப்படி. அவர் எழுதித் தரும் கடிதத்தை ஆர்.டி.ஓ. முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளட்டும். சந்தேகம் வந்தால் ஊருக்கு நேரில் போகட்டும். அதையும் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே முடித்துவிடலாம். நீட் ரிசல்ட் வந்து, கவுன்சலிங்குக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போது அப்பாவும் பிள்ளையும் மலையிறங்கி ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. அங்கே இந்த ஒதுக்கீடுகளில் சேரவும் அதே இரண்டு தாள்கள்தான்.