பின்வாங்கும் பொத்தான் எங்கே?



2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலக வாகை சூடினார். நம் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கும் அவ்வாட்டத்தின்மேல் ஆவல் பிறப்பதில் வியப்பில்லை. ஆனால், கல்வராயன் மலைச் சிற்றூர்களில் அதைக் கற்பிக்க ஆளுக்கு எங்கே போவது?

இக்குறையை ஒரு கணினி மென்பொருள் ஓரளவு போக்குகிறது. 'ஜிகாம்ப்ரி' என்பது அதன் பெயர். "எனக்குப் புரிந்துவிட்டது" என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலி அது. 2 முதல் 10 வயது வரையுள்ள சிறாருக்கென 2000-ஆம் ஆண்டில் தோன்றிய இதனை விலையின்றிப் பெறலாம். கணினியில் ஒருமுறை பதித்துவிட்டால், இணையம் எட்டாத இடத்திலும் சதுரங்கம் ஆடலாம்.

ஒரு காயைத் தெரிவு செய்ததும், அது செல்லக்கூடிய கட்டங்கள் திரையில் காட்டப்படுகின்றன. குதிரையின் கோணல் பாய்ச்சலைப் பிள்ளை கண்ணாலேயே கற்றுக்கொள்கிறது. எதிரே ஆடுவது டக்ஸ் என்னும் பென்குயின். முதல் நிலையில் அது மனம்போனபடி காய் நகர்த்தும். பிள்ளையும் வெல்ல வேண்டுமன்றோ? நிலை உயர உயர, அதன் ஆட்டமும் தேர்ச்சி பெறும். தவறாக நகர்த்திய காயைப் பின்வாங்க ஒரு பொத்தானும் உண்டு.

வெள்ளிமலைக்கு அருகே ஒரு வீட்டில் நாம் கண்டதைச் சொல்ல வேண்டும். அண்ணன் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினியில் ஆட்டம் பழகிய சிறுமி, அதைத் தன் தாய்க்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். இருவரும் அட்டைப் பலகையில் ஆடினர். அரசியைப் பறிகொடுத்த சிறுமி கண்கலங்கி, "அம்மா, இதுல பின்வாங்கும் பொத்தான் எங்கே?" என்றாள்.

"இங்கே அது கிடையாது கண்ணு. இருக்கிற காயை வச்சு ஆடு" என்றார் தாய்.

சிறுமி தோற்றாள், ஆனால் அழவில்லை. மறு ஆட்டத்திற்குக் காய்களை அடுக்கலானாள்.

விசுவநாதன் ஆனந்தும் தம் 6-ஆம் வயதில் தாயாரிடமே இவ்வாட்டத்தைக் கற்றார். எனவே, விதிகளை டக்ஸ் கற்பிக்கட்டும். இழந்தபின் தளராதிருக்கப் பெற்றோரே கற்பிக்க வேண்டும். சிறிது நேரம் திரை, அதன்பின் பலகை என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் தெரியாதே என்று நாண வேண்டாம். பிள்ளையிடமே கேட்டுக் கற்போம். தான் அறிந்ததைப் பெற்றோருக்குக் கற்பிப்பதைவிடப் பிள்ளைக்குப் பெருமை வேறு உண்டோ?